தீடா பாரா: படம் சாம்பல், உடை மட்டும் மிச்சம்

பழையரீல் எழுதியது:

மௌனப்படப் பிரியர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு சண்டையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அமெரிக்க மௌனப்பட நடிகை தீடா பாராவைத் தேடிப் பாருங்கள். முதலில் வந்து விழுவது அந்த ஒரே புகைப்படம்தான். 1917இல் வந்த 'கிளியோபாட்ரா'வுக்காக எடுத்தது. மார்பில் இரண்டு பாம்புகள் சுருண்டு கிடக்கும் உலோகக் கச்சை, கண்ணைச் சுற்றி அப்பிய மை, ஆளை முறைக்கும் பார்வை. அதற்குக் கீழே எல்லாரும் எழுதுவதும் ஒரே வாக்கியம்தான்: 'அந்தக் காலத்திலேயே இவ்வளவு துணிச்சலா!'

என் கோபம் இதுதான். நாற்பதுக்கும் மேல் படம் நடித்தவர் அவர். 1914இல் ஒரு படத்தில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார். 1915 முதல் 1919 வரை ஃபாக்ஸ் என்ற சினிமாக் கம்பெனியில் மாடு மாதிரி உழைத்தார். ஒரு வருஷத்துக்கு ஏழு, எட்டுப் படம். கார்மென், ஜூலியட், கமீல், மேடம் து பாரி, சலோமி எல்லாம் செய்தார். அந்தக் கம்பெனி நின்றதே அவர் சம்பாதித்துக் கொடுத்த காசில்தான் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. இப்போது முழுதாகப் பார்க்கக் கிடைப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் போய்விட்டது, பெரும்பாலும் தீயில். மிஞ்சிய விளம்பரப் படங்களை வைத்துக்கொண்டு 'உடை, உடை' என்று பேசுகிறோம்.

மிஞ்சியவற்றில் முக்கியமானது 'எ ஃபூல் தேர் வாஸ்'. 1915 ஜனவரியில் வந்தது. ஃபிராங்க் பவல் இயக்கியது. குடும்பஸ்தனான ஒரு ராஜதந்திரியைப் பிடித்து ஒன்றுமில்லாமல் ஆக்கும் பெண்ணின் கதை. அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை, 'வேம்பயர்' (இரத்தம் குடிக்கும் பேய்) என்றுதான் போடுகிறார்கள். ஆண்களை மயக்கிக் கெடுப்பவள் என்ற பொருளில் 'வேம்ப்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது இதற்கு அப்புறம்தான். கப்பல் தளத்தில் ஒரு காட்சி வருகிறது. அவளால் அழிந்த பழைய காதலன் துப்பாக்கியை நீட்டுகிறான். அவள் பதறவில்லை. கையில் இருக்கும் ரோஜாவால் துப்பாக்கியைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறாள். 'என்னை முத்தமிடு, முட்டாளே' என்ற பொருளில், வசனத்தைக் காட்டும் எழுத்தட்டை திரையில் வருகிறது. அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான்.

அந்தக் காட்சியில் பாம்பும் இல்லை, கச்சையும் இல்லை. அக்காலத்துப் பணக்காரப் பெண்கள் போட்ட மாதிரி கழுத்திலிருந்து கால் வரை மூடிய உடுப்பு. பயமுறுத்துவது அந்தச் சிரிப்பு. அதனால் கேட்கிறேன்: தீடா பாராவை நாம் நடிகையாகப் பேசுகிறோமா, துணி மாட்டும் பொம்மையாகப் பேசுகிறோமா?

---

நைல்நதி_தாசன் எழுதியது:

அருமையான இழை அண்ணா. ஆனால் ஒரு விஷயம். அவர் எகிப்தில் பிறந்தவர்தானே? சகாரா பாலைவனத்தில், பிரெஞ்சு நடிகைக்கும் இத்தாலியச் சிற்பிக்கும் பிறந்தவர் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் அந்த உடைகள் அவருக்கு இயல்பாகவே வந்திருக்கலாம் அல்லவா?

---

பழையரீல் எழுதியது:

தம்பி, நூறு வருஷத்துக்கு முன்னால் ஃபாக்ஸ் விளம்பரக்காரர்கள் வீசிய வலையில் நீங்கள் இப்போது வந்து விழுந்திருக்கிறீர்கள். அவர்கள் ஆவி சந்தோஷப்படும்.

அவர் பிறந்தது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில், 1885 ஜூலை 29. பெயர் தியோடோசியா குட்மன். அப்பா போலந்தில் பிறந்த யூதர், தையற்காரர். அம்மா சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பெண் இரண்டு வருஷம் கல்லூரி படித்துவிட்டு நியூயார்க் மேடைக்குப் போனார். நாடகத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சினிமாவில் நாயகியாகும்போது வயது இருபத்தொன்பது.

'தீடா' என்பது தியோடோசியாவின் செல்லச் சுருக்கம். 'பாரா' என்பது குடும்பத்தில் இருந்த பாரஞ்சர் என்ற பெயரை வெட்டியது. ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் 'அரபு மரணம்' என்று வருகிறதே, அதை விளம்பரக்காரர்கள் விடுவார்களா? ஊதித் தள்ளிவிட்டார்கள். எலும்புக்கூட்டைக் காலடியில் போட்டுப் படம் எடுத்தார்கள். சிகாகோவில் ஒரு நிருபர் கூட்டம் வைத்தார்கள். வெல்வெட் திரை தொங்கும் மூடிய அறை, அம்மணி உடம்பெல்லாம் கம்பளி ரோமம் போர்த்திக்கொண்டு, அரபு நாட்டிலிருந்து வந்ததால் இந்த ஊர்க் குளிர் தாங்கவில்லை என்று பாவனை. நிருபர்கள் வெளியே போனதும் ஜன்னலைத் திறந்து 'காற்று வேண்டும்' என்று மூச்சு வாங்கினாராம். லூயெல்லா பார்சன்ஸ் என்ற பத்திரிகைக்காரர் பின்னாளில் சொன்ன கதை இது. கொஞ்சம் மசாலா இருக்கலாம்.

---

ஊசிமுனை எழுதியது:

பழையரீல் ஐயா, உங்கள் பதிவில் ஒரு வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா தையற்காரரா! அதை நீங்கள் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நான் இருபது வருஷமாக நாட்டிய உடை தைக்கிறேன். விசிறி மடிப்பும் ஜரிகையும்தான் என் சோறு. 'துணி மாட்டும் பொம்மை' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன். உடையைத் தள்ளிவைத்துவிட்டு நடிப்பைப் பார் என்கிறீர்கள். படம் எரிந்துபோன பிறகு உடைதான் சாட்சி. அந்தச் சாட்சியைச் சரியாக விசாரித்தால் நடிப்பையும் சொல்லும்.

அந்தப் பாம்புக் கச்சையைப் பாருங்கள். உலோகச் சுருள். துணி மாதிரி உடம்போடு வராது. அதைப் போட்டுக்கொண்டு கூன் போட முடியாது, சட்டென்று முன்னால் குனிய முடியாது, பெருமூச்சு விட்டால்கூட விளிம்பு கடிக்கும். இடுப்பில் மணிக்கோவைகள். தலையில் கனமான கிரீடம், இரண்டு பக்கமும் தொங்கும் சரம். இதையெல்லாம் மாட்டிக்கொண்டவர் எப்படி நகர்ந்திருப்பார்? மெதுவாகத்தான். தலையைத் திருப்பினால் தோளோடு சேர்த்துத் திருப்பவேண்டும். மீதி வேலையைக் கண்ணும் மணிக்கட்டும்தான் செய்யும். எங்கள் பெண்கள் முதல் தடவை முழு நகை மாட்டி ஒத்திகைக்கு வரும்போது இதையேதான் பார்க்கிறேன். முதல் நாள் தடுமாறுவார்கள். மூன்றாம் நாள் நடையில் ஒரு ராணித்தனம் வந்துவிடும். அவர் சாதாரண உடையில் ஒரு சிரிப்பால் செய்ததை நீங்கள் சொன்னீர்கள். இது அதே ஆள், கைகால் கட்டப்பட்ட நிலையில்.

அப்புறம், அந்த உடை எகிப்தும் இல்லை. உண்மையான கிளியோபாட்ரா மாசிடோனியக் கிரேக்க வம்சம், இந்த மாதிரி எதுவும் போட்டிருக்கமாட்டார். இது ஐரோப்பிய மேடையிலிருந்து வந்த சரக்கு. மாட் ஆலன் என்ற நடனக்காரி 1906இல் சலோமி நடனம் ஆடினார், மணி கோர்த்த மார்க்கச்சையும் மெல்லிய பாவாடையுமாக. 1909இல் ரஷ்ய பாலே குழு பாரிஸில் கிளியோபாட்ராவை ஆடியது, லியோன் பாக்ஸ்ட் உடை வரைந்தார். 1916இல் அந்தக் குழு அமெரிக்காவுக்கே வந்தது. அடுத்த வருஷம் ஃபாக்ஸ் படம். கணக்கு சரியாக வருகிறதா?

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே படத்துக்கு மயில்தோகை உடை ஒன்று உண்டு. மயில் நம் ஊர்ப் பறவை! நைல் நதிக்கரையில் முருகன் வாகனத்துக்கு என்ன வேலை?

---

கட்டைவிரல் எழுதியது:

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். கம்பெனிக்குக் காசு வேண்டும், பெண்ணை அரைகுறையாக நிறுத்தினால் கூட்டம் வரும், அவ்வளவுதான். அன்றைக்கும் அதே வியாபாரம், இன்றைக்கும் அதே வியாபாரம். இதில் கலை எங்கே வந்தது?

---

வெள்ளித்திரை_வாசகி எழுதியது:

கட்டைவிரல், வியாபாரம் இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. கம்பெனி முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் தர்மசத்திரம் நடத்தவில்லை. ஆனால் அந்த அம்மா என்ன நினைத்தார் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். தான் நடிக்கும் வேம்பயர், பெண்களைச் சுரண்டிய ஆண்கள்மேல் பெண்குலம் எடுக்கும் பழிவாங்கல் என்று பேட்டியில் சொன்னார். முகம் வேம்பயருடையதாக இருக்கலாம், இதயம் பெண்ணியவாதியுடையது என்றார். இது 1915. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்ததே 1920இல்தான். விளம்பரக்காரன் எழுதிக்கொடுத்த வசனம் என்று நீங்கள் சொல்லலாம். சகாராவில் பிறந்தேன் என்ற வசனத்தைவிட இது எவ்வளவோ துணிச்சலான வசனம்.

சட்டத்தையும் பாருங்கள். அவருடைய முதல் பெரிய படம் வந்ததற்கு அடுத்த மாதமே, 1915 பிப்ரவரியில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. சினிமா என்பது வெறும் வியாபாரம், பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது, மாநிலங்கள் தணிக்கை செய்யலாம் என்று. வழக்கு எந்த மாநிலத்துடையது? ஓஹையோ. அம்மணியின் சொந்த மாநிலம்! அந்தத் தீர்ப்பு மாறியது 1952இல். அதாவது கட்டைவிரல் சொன்ன 'அவ்வளவுதான் வியாபாரம்' என்பதை ஒன்பது நீதிபதிகள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டார்கள், பின்னால் அந்த நீதிமன்றமே திருத்திக்கொண்டும் விட்டது.

கிளியோபாட்ராவைச் சிகாகோ தணிக்கைக்காரர்கள் வெட்டினார்கள். வெட்டியும் படம் ஓடு ஓடென்று ஓடியது. 1934இல் ஹாலிவுட் தனக்குத்தானே கட்டுப்பாட்டு விதிகளைக் கறாராக அமல்படுத்தின பிறகு, அந்த மாதிரி உடையைப் பெரிய கம்பெனிகள் நினைத்துக்கூடப் பார்க்கமுடியாது. காலம் எப்போதும் முன்னோக்கியே போகும் என்று நினைப்பவர்கள் 1917 புகைப்படத்தையும் 1937இல் வந்த எந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

---

கட்டைவிரல் எழுதியது:

ஒன்பது நீதிபதிகள் என் பக்கம் என்றால் மோசமில்லை. 😄 சரி, அந்தப் பேட்டி விஷயம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் இறங்கி வருகிறேன், கொஞ்சம்தான்.

---

கார்பன்_ஆபரேட்டர் எழுதியது:

எல்லாரும் 'எரிந்துபோனது' என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தியேட்டரில் ஆபரேட்டராக முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் அந்த நெருப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட். துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரில் போட்டாலும் எரியும், மணலைப் போட்டு மூடினாலும் எரியும். நான் வேலைக்கு வந்தபோது நைட்ரேட் காலம் போய்விட்டது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அதை ஓட்டியவர். அவர் கேபினுக்குள் தீப்பெட்டியோடு யாரையும் விடமாட்டார், எளிதில் தீப்பிடிக்காத சேஃப்டி ஃபிலிம் வந்த பிறகும் விடமாட்டார்.

1937 ஜூலை 9. நியூஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊர். ஃபாக்ஸ் தன் பழைய ஃபிலிம்களை அங்கே ஒரு கிட்டங்கியில் வாடகைக்கு வைத்திருந்தது. கடும் வெயில் காலம். பழைய நைட்ரேட் சிதையும்போது தானே வாயு விடும், சூடாகும். காற்றோட்டம் பத்தாத அறையில் அது தானாகப் பற்றிக்கொண்டது. நாற்பதாயிரத்துக்கும் மேல் நெகடிவ்களும் பிரிண்ட்களும் போயின. அக்கம்பக்கத்து வீடுகள் வரை தீ நாக்கு நீண்டது. ஒரு சிறுவன் செத்துப்போனான். படம் போனதைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பையனைப் பற்றி எழுதுவதில்லை.

இன்னொன்று. அன்றைக்கு அதை யாரும் பெரிய இழப்பாகவே நினைக்கவில்லை. பேசும்படம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. மௌனப்படம் யாருக்கு வேண்டும்? எரிந்த ஃபிலிமில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கழிவை லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். கிளியோபாட்ராவின் கடைசி மதிப்பு எடைக்குத்தான்.

---

ஊசிமுனை எழுதியது:

ஆபரேட்டர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டேன்.

உங்களிடம் ஒரு தொழில் கேள்வி. அந்தக் காலத்து ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும் என்கிறார்களே, நிஜமா? அப்படியென்றால் உடை நிறத்தை எப்படித் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

---

கார்பன்_ஆபரேட்டர் எழுதியது:

நிஜம்தான் அம்மா. ஆர்த்தோகுரோமாட்டிக் என்பார்கள். நீலத்துக்கு நல்ல உணர்ச்சி, சிவப்புக்குச் சுத்தமாக இல்லை. வானம் வெள்ளையாகப் போய்விடும், உதட்டுச்சாயம் கறுத்துவிடும். மஞ்சளும் மங்கித்தான் விழும். நல்ல தங்க நிறத்தில் நகை செய்து மாட்டினால் திரையில் பித்தளைப் பாத்திரம் விளக்காமல் வைத்த மாதிரி தெரியும். பளிச்சென்று வேண்டுமென்றால் வெள்ளிப் பளபளப்பு, முத்து, கண்ணாடி மணி.

---

ஊசிமுனை எழுதியது:

ஆஹா! சலோமி படத்துப் புகைப்படங்களில் அவர் உடம்பெல்லாம் முத்துச்சரமாக இருப்பதற்கு இப்போது காரணம் தெரிகிறது. விலைக்காக இல்லை, வெளிச்சத்துக்காக. முத்து ஒவ்வொன்றும் ஒரு சின்ன விளக்கு. கண்ணைச் சுற்றி அவ்வளவு மை எதற்கு என்பதும் புரிகிறது. முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு அடித்து எடுத்த காலத்தில் கண் தொலைந்துவிடக்கூடாது.

ஃபாக்ஸில் அவருக்கு உடை வரைந்தவர்களில் ஜார்ஜ் ஜேம்ஸ் ஹாப்கின்ஸ் என்று ஒரு பையன் இருந்தார். பையன் என்றுதான் சொல்லவேண்டும், இருபதைத் தாண்டியவுடன் அந்த வேலை. பின்னாளில் அவர் அரங்க அலங்காரத்துக்குப் போய் நான்கு ஆஸ்கார் வாங்கினார். 'மை ஃபேர் லேடி'யும் அவர் கைவேலைதான். ஆரம்பித்தது நம் அம்மணியின் மணிக்கோவையில்.

---

நைல்நதி_தாசன் எழுதியது:

வலையில் விழுந்தவன் மறுபடி வந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய நட்சத்திரம் 1919க்குப் பிறகு என்ன ஆனார்? உடை பழசாகிவிட்டதா?

---

பழையரீல் எழுதியது:

உடை இல்லை தம்பி, பாத்திரம் பழசாகிவிட்டது. ஒரே மாதிரி ஆண்களை அழித்துக்கொண்டே இருந்தால் ஜனங்களுக்கும் அலுக்கும். முதல் உலகப்போர் முடிந்தது, ரசனை மாறியது. அவருக்கே வேம்ப் வேடம் சலித்துப்போயிருந்தது. 1919இல் 'கேத்லீன் மவுர்னீன்' என்று ஒரு படம், ஏழை ஐரிஷ் கிராமத்துப் பெண் வேடம். பாம்பும் இல்லை, முத்தும் இல்லை. ஐரிஷ்காரர்கள் கொதித்துவிட்டார்கள். யூதப் பெண், அதுவும் வேம்ப், எங்கள் பெண்ணாக நடிப்பதா என்று தியேட்டர்களில் கலாட்டா. சகாராவில் பிறந்ததாகப் பொய் சொன்னபோது சிரித்து ரசித்த கூட்டம், அவர் சாதாரணப் பெண்ணாக வந்தபோது ஏற்கவில்லை. அந்த வருஷமே ஃபாக்ஸோடு உறவு முடிந்தது. அப்போது வாரச் சம்பளம் நாலாயிரம் டாலர்.

1920இல் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் 'தி ப்ளூ ஃபிளேம்' என்ற நாடகம். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பயங்கரக் காட்சிகளில் சபை விழுந்து விழுந்து சிரித்தது. டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது! அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்த கூட்டம். 1921இல் சார்ல்ஸ் பிராபின் என்ற ஆங்கிலேய இயக்குநரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊருக்கெல்லாம் குடும்பம் கெடுத்தவர், சாகும்வரை ஒரே கணவரோடு வாழ்ந்தார். கடைசியாக 1926இல் 'மேடம் மிஸ்டரி', ஹால் ரோச் கம்பெனியின் குறும்படம். தன் பழைய வேம்ப் உருவத்தைத் தானே கேலி செய்தார். இயக்கிய இருவரில் ஒருவர் ஸ்டான் லாரல், ஆமாம், லாரல்-ஹார்டி லாரல்தான். 1955 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். பேசும்படம் ஒன்றில்கூட அவர் நடிக்கவில்லை.

ஊசிமுனை அம்மாவுக்கு ஒன்று. என் 'பொம்மை' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கொக்கி போடுகிறேன். நாம் பார்ப்பவை பெரும்பாலும் புகைப்பட நிலையத்தில் நிற்கவைத்து எடுத்த விளம்பரப் படங்கள். ஓடும் படத்தில் அந்த உடை எப்படி இருந்தது என்பதற்கு அவை சாட்சி ஆகுமா?

---

ஊசிமுனை எழுதியது:

நியாயமான கொக்கி. விளம்பரப் படத்தில் எல்லாமே முன்பக்கம். தைப்பவளுக்கு வேண்டியது முதுகு. ஹூக்கா, நாடாவா? கச்சையைத் தாங்குவது தோளா, விலாவா? கால் எடுத்து வைத்தால் பாவாடை எவ்வளவு விலகுகிறது? அதெல்லாம் ஆள் திரும்பினால்தான் தெரியும்.

---

வெள்ளித்திரை_வாசகி எழுதியது:

கிளியோபாட்ராவில் சில நொடித் துண்டுகள் இருக்கின்றன அக்கா. 2023இலும் கொஞ்சம் கிடைத்தது, பழைய பொம்மை புரொஜெக்டர் ஒன்றோடு வந்த ஃபிலிம் துண்டில். குழந்தைகள் விளையாட, தேய்ந்துபோன பிரிண்ட்களை வெட்டி அந்தக் காலத்தில் விற்பார்களாம். கிட்டங்கியில் பூட்டி வைத்தது எரிந்தது, பிள்ளைகள் கையில் கொடுத்தது பிழைத்தது! சலோமியிலும் ஸ்பெயின் நாட்டு ஆவணக் காப்பகத்தில் இரண்டு நிமிஷம் அகப்பட்டிருக்கிறது. எல்லாம் இணையத்திலேயே பார்க்கலாம்.

---

கார்பன்_ஆபரேட்டர் எழுதியது:

பார்க்கும்போது வேகத்தில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள் அம்மா. மௌனப்படத்தை இப்போதைய வேகத்தில் ஓட்டி எல்லாரையும் கோமாளி ஆக்கிவிடுகிறார்கள். அந்த ராணி நடை தெரியவேண்டுமென்றால் மெதுவாகத்தான் ஓட்டவேண்டும்.

---

ஊசிமுனை எழுதியது:

நாளைக்கு டெலிவரி கொடுக்கவேண்டிய பாவாடை இரண்டு பாதியில் கிடக்கிறது. கிடக்கட்டும். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.